விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்கட்டும், விதி மட்டும் மாறக்கூடாது

"மச்சி, படத்தைப் படமா பாரு. லாஜிக் எல்லாம் பாக்காத."

சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல் எதைப் பற்றியாவது வாயைத் திறந்தாலே எனக்குக் கிடைக்கிற பதில் இதுதான். சொல்கிற ஆள் மாறுவான், இடம் மாறும், வசனம் மட்டும் மாறவே மாறாது. சீரியல்களில் இல்லாத கன்டினியூட்டி இதிலாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்வேன் :-)

இன்னொரு கூட்டமும் உண்டு. ஒரு எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, "முதல் ஷாட்டில் காபி பாதி கப், அடுத்த ஷாட்டில் முக்கால் கப்" என்று பட்டியல் போட்டு, கடைசியில் "மொத்தம் 57 தப்பு, குப்பை சீரியல்" என்று தீர்ப்பு எழுதுகிற கூட்டம்.

இரண்டு கூட்டத்தோடும் எனக்கு ஒத்துவரவில்லை. தப்பு கண்டுபிடிப்பது நல்ல பழக்கம் என்பது என் கட்சி. ஆனால் எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை. எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கவே கூடாது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பிசிக்ஸ் இல்லை, பி.காம். சிரிக்காமல் மேலே படியுங்கள்.

ஆடிட்டர் என்ன செய்கிறார்?

கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்யப் போகிற ஆடிட்டர் ஒவ்வொரு வவுச்சரையும் பார்ப்பதில்லை. பார்த்தால் மார்ச்சில் ஆரம்பித்து அடுத்த மார்ச் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவர் தேடுவது 'மெட்டீரியல்' தவறுகளை. அதாவது, அந்தத் தவறு இருப்பது தெரிந்தால் கணக்கைப் படிக்கிறவனின் முடிவே மாறிப்போகும் என்கிற அளவுக்கு முக்கியமான தவறு. டீ செலவில் பத்து ரூபாய் இடித்தால் யாரும் பங்கை விற்றுவிட்டு ஓடப் போவதில்லை. ஒரு கோடி ரூபாய் கடனைக் காட்டாமல் விட்டிருந்தால் ஓடுவான்.

இன்னொரு பாடம் கன்சிஸ்டன்சி. மெஷினுக்குத் தேய்மானம் போட இரண்டு மூன்று முறை இருக்கிறது. வருஷா வருஷம் ஒரே தொகை கழிக்கலாம், அல்லது குறைந்துகொண்டே வரும் மதிப்பில் சதவீதம் கழிக்கலாம். எதை எடுத்தாலும் காரணத்தோடு எடுக்க வேண்டும், எடுத்த பிறகு அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். லாபம் குறைவாகத் தெரிகிற வருஷம் மட்டும் வசதியாக முறையை மாற்றக்கூடாது. நியாயமான காரணத்துக்காக மாற்றினாலும், மாற்றினேன் என்று கணக்கின் அடிக்குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

மெட்டீரியாலிட்டி, கன்சிஸ்டன்சி. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சீரியலைப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

முதலில் சத்தம்

தப்பு கண்டுபிடிக்கிற எல்லாரும் முதலில் கைவைக்கிற இடம் இதுதான். ஒலி பரவ காற்றோ, தண்ணீரோ, ஏதாவது ஒரு ஊடகம் வேண்டும். விண்வெளியில் கப்பல் வெடித்தால் பக்கத்துக் கப்பலில் இருப்பவன் காதில் எதுவும் விழாது. ஆனால் 1966-ல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்கின் டைட்டிலிலேயே எண்டர்பிரைஸ் கப்பல் 'வ்வூஷ்' என்று சத்தத்தோடு கடந்து போகிறது. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான தொடர்களும் அதே வழிதான்.

உண்மையில் அதில் இருப்பது ஒரு தப்பு இல்லை, இரண்டு. வெளிச்சமும் சத்தமும் ஒரே நொடியில் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். மழைக்காலத்தில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சமவெளிப் பக்கம் பார்த்தால் முதலில் மின்னல் தெரியும். நிதானமாக எண்ணிக்கொண்டே இருந்தால் கடைசியில் இடி வந்து சேரும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகிறது, அதனால் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். டிவியிலோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வெடிக்கிற கப்பல்கூடப் பக்கத்து வீட்டுச் சரவெடி மாதிரி அதே கணத்தில் கேட்கிறது.

சரி, இது பெரிய தப்புதானே? ஏன் மன்னிக்கச் சொல்கிறேன்?

ஏனென்றால் அது அந்தத் தொடரின் கணக்கு முறை. முதல் எபிசோடின் முதல் நிமிடத்திலேயே "எங்கள் விண்வெளியில் சத்தம் கேட்கும்" என்று அறிவித்துவிட்டார்கள். பின்னணி இசையை யார் வாசிக்கிறார்கள் என்று நாம் தேடுவதில்லை இல்லையா, அது மாதிரி. 2002-ல் வந்த ஃபயர்ஃப்ளை நேர் எதிர்முறையை எடுத்தது. விண்வெளிக் காட்சிகளில் சத்தமே கிடையாது, கிதார் இசையோ மௌனமோதான். எடுத்தது மொத்தம் 14 எபிசோடுதான், இருந்தாலும் அந்த மௌனம் இன்னும் பேசப்படுகிறது. புதிய பேட்டில்ஸ்டார் கலாக்டிகா நடுவழியைப் பிடித்தது. துப்பாக்கிச் சத்தம் உண்டு, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி அமுங்கிக் கேட்கும். மூன்றும் மூன்று முறை. என்னைப் பொறுத்தவரை மூன்றும் செல்லும்.

எப்போது செல்லாது? நாலு வருஷம் விண்வெளியில் டமால் டுமீல் என்று வெடித்துவிட்டு, ஐந்தாவது வருஷம் ஒரு எபிசோடில் மட்டும், ஹீரோ வில்லன் கப்பலுக்கு வெளியே ஒளிந்திருக்கும்போது, "வெற்றிடத்தில் சத்தம் கேட்காது" என்று யாராவது வசனம் பேசினால் செல்லாது. பிசிக்ஸ்படி அந்த வசனம் நூற்றுக்கு நூறு சரி. அந்தத் தொடரின்படி அது மோசடி. லாபம் குறைந்த வருஷத்தில் தேய்மான முறையை மாற்றின அதே வேலை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விண்வெளி என்றாலே மௌனம் என்று எல்லா இடத்திலும் அடித்துப் பேசுகிறவர்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். செவ்வாயில் மெல்லியதாகவாவது காற்று இருக்கிறது. 2021-ல் அங்கே இறங்கிய நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தியில் மைக் வைத்து அனுப்பினார்கள். காற்று வீசுவதையும் சக்கரம் உருளுவதையும் பதிவு செய்து அனுப்பியது. அங்கே ஒலியின் வேகம் நொடிக்கு 240 மீட்டர் அளவுதான். கீச்சுச் சத்தங்களைக் கரியமில வாயு விழுங்கிவிடும், எல்லாமே மங்கலாகக் கேட்கும். ஆக, செவ்வாயில் நடக்கிற கதையில் சத்தம் இருப்பது தப்பில்லை, சென்னைத் தெரு மாதிரி பளிச்சென்று கேட்பதுதான் தப்பு.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970 முதல் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டியது. மலைச்சரிவின் கோணத்தையே பயன்படுத்தி, பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். "அதுல ஹெட்போன் மாட்டி வானத்தைக் கேப்பாங்க" என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கமே நிறையப் பேர் உண்டு. அந்த எண்ணத்தை விதைத்தது சினிமாவும் டிவியும்தான். ரேடியோ அலை ஒலி இல்லை, அது ஒளியின் சொந்தக்காரன். வெற்றிடத்தைத் தாண்டி வருவதே அதனால்தான்.

மன்னிக்கக்கூடாத சத்தம்

என்னைக் கேட்டால் ஒலியில் நிஜமான தப்பு விண்வெளியில் இல்லை, டப்பிங் தியேட்டரில் இருக்கிறது.

வெளிநாட்டுத் தொடரைத் தமிழில் டப் செய்யும்போது வசனம் ஒரு டிராக்கிலும், இசையும் பின்னணி ஒலிகளும் தனி டிராக்கிலும் வர வேண்டும். அப்போதுதான் வசனத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தமிழை வைக்க முடியும். அந்தத் தனி டிராக் சரியாக இல்லாவிட்டாலோ, மிக்சிங்கில் அவசரப்பட்டாலோ என்ன ஆகும் என்று நாம் எல்லாருமே கேட்டிருக்கிறோம். கப்பல் இன்ஜின் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும், கேப்டன் தமிழில் பேச ஆரம்பித்ததும் இன்ஜின் மரியாதையாக வாயை மூடிக்கொள்ளும், அவர் முடித்ததும் மறுபடி ஓடும். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற ஆளின் குரல் கரகரப்பு எதுவும் இல்லாமல், ஏசி அறையில் உட்கார்ந்து செய்தி வாசிக்கிற மாதிரி வரும். வாய் மூடியிருக்கும், குரல் மட்டும் ஓடும்.

இதெல்லாம் எந்த உலகத்தின் விதியும் கிடையாது. இவை யாரும் கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில் விடப்பட்டவை. அதனால்தான் இவற்றை மன்னிக்கக்கூடாது என்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலை இழுப்பது நீராவி இன்ஜின், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜின். டீசலைக் காட்டிவிட்டு நீராவி விசிலை ஊதினால் எங்கள் ஊரில் மூணாங்கிளாஸ் பையன்கூடச் சிரிப்பான். தினமும் கேட்கிற சத்தத்தில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. விண்வெளியை நாம் யாரும் காதால் கேட்டதில்லை, அங்கே கற்பனைக்கு உரிமை உண்டு. மனுஷக் குரலை எல்லாரும் கேட்டிருக்கிறோம்.

அடுத்தது கன்டினியூட்டி

டிவியில் காட்சிகள் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. ஒரே செட்டில் வருகிற காட்சிகளை எல்லாம் சேர்த்து ஒரே நாளில் எடுப்பார்கள், கடைசி எபிசோட் காட்சி முதல் எபிசோட் காட்சிக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். சட்டை, தலைமுடி, காயம், கையில் இருந்த பொருள் எல்லாவற்றையும் உதவி இயக்குநர் ஒருவர் குறித்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் காபி கப் பாதியா முக்காலா என்பது தவறிப்போனால் போகட்டும். டீ செலவில் இடித்த பத்து ரூபாய்தான் அது.

ஸ்டார் ட்ரெக்கின் ஆரம்ப எபிசோட் ஒன்றில் கேப்டன் கிர்க்குக்காக ஒரு கல்லறைக் கல் தயாராகும். அதில் அவர் இனிஷியல் 'ஆர்' என்று இருக்கும், பிற்பாடு தொடர் முழுக்க அவர் 'டி'. ரசிகர்கள் இதை இன்னும் பேசுகிறார்கள். ஆனால் கதை அதனால் ஒரு இம்மிகூட அசையவில்லை. விடலாம்.

அதே 1966-ல் வந்த 'தி எனிமி விதின்' எபிசோடை அப்படி விட முடியாது. ஆட்களை இடம் மாற்றும் டிரான்ஸ்போர்ட்டர் கெட்டுப்போய், சுலுவும் மற்றவர்களும் கீழே ஒரு கிரகத்தில் குளிரில் உறைந்து சாகக் கிடப்பார்கள். எபிசோடின் பதற்றமே அதில்தான். கப்பலில் சின்ன விண்கலம் இருக்கிறதே, அனுப்பிக் கூட்டி வரலாமே என்று ஒருத்தரும் யோசிக்க மாட்டார்கள். ஏன்? அந்த விண்கலம் அப்போது இன்னும் செட்டாகக் கட்டப்படவே இல்லை. 1967 ஜனவரியில் ஒளிபரப்பான 'தி கலிலியோ செவன்' எபிசோடில்தான் அது முழுதாக வருகிறது. இது அப்பட்டமான 'விடு பிழை'. பதிவேட்டில் ஒரு சொத்தையே எழுதாமல் விட்டது. கதையின் மொத்த பாரமும் அந்த இல்லாத சொத்தின் மேல் நிற்பதால் இது மெட்டீரியல்.

கிளிங்கான்கள் நெற்றி விஷயம் இன்னும் சுவாரசியம். அறுபதுகளின் தொடரில் அவர்கள் நெற்றி நம்மைப் போல வழுவழுப்பு. 1979-ல் வந்த முதல் சினிமாவிலிருந்து நெற்றி எலும்பு வரப்பு வரப்பாகிவிட்டது. காரணம் மேக்கப்புக்குக் காசு வந்ததுதான். கணக்கு முறையை மாற்றிவிட்டார்கள், அடிக்குறிப்பு எழுதவில்லை. 1996-ல் ஒரு எபிசோடில் இதை நேரடியாகக் கேட்டபோது, கிளிங்கான் பாத்திரம் அதைப் பற்றி வெளியாரிடம் பேசுவதில்லை என்கிற மாதிரி நழுவிவிடும். 2005-ல்தான் இரண்டு எபிசோட் செலவழித்து ஒரு வைரஸ் கதை சொல்லிக் காரணம் காட்டினார்கள். 26 வருஷம் கழித்து அடிக்குறிப்பு! லேட்டானாலும் எழுதினார்கள் பாருங்கள். கேட்டுக்கொண்டே இருந்த ரசிகர்கள் இல்லாவிட்டால் எழுதியிருப்பார்களா?

இடைப்பட்ட காலத்தில் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஐந்தொகை இடித்தால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான். வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போட்டு வைத்தார்கள். 'ஃபேன் தியரி' என்று சொல்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை, கதையின் அனாமத்துக் கணக்கு. தவறு கண்டுபிடிக்கப்படும் வரை பேரேடு நிற்கட்டும் என்ற நல்லெண்ணம்.

நம் வயசுக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் வேண்டுமா? பென் 10. தமிழில் பேசிய பென்னைப் பார்த்து வளராதவர் நம்மில் குறைவு. கையில் ஆம்னிட்ரிக்ஸ், மாறினால் சுமார் பத்து நிமிடம்தான், பிறகு சிவப்பாக மின்னிப் பழைய உருவம் வந்துவிடும். இந்த விதியை நாம் கேட்கவில்லை, தொடரே போட்டது. ஆனால் முதல் தொடரில் அந்தப் பத்து நிமிடம் சில நாள் இரண்டு நிமிடமாக இருக்கும், சில நாள் சண்டை முடிகிற வரை இழுக்கும். பையன் வேற்றுகிரகத்து ஜந்துவாக மாறுவதை நான் ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. கடிகாரத்தைத்தான் கேட்கிறேன்.

நம்ம ஊருக்கு வருவோம்

"நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் தேவையில்லப்பா" என்பார்கள். யார் சொன்னது? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று ஒரு பாட்டில் அறிவியல் பிழை பிடித்து, சிவபெருமானிடமே மல்லுக்கு நின்ற நக்கீரர் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிற ஊர் இது. அந்தச் சண்டையால் பாட்டு கெட்டுப்போகவில்லை, அந்தப் பாட்டு இருப்பதே நம்மில் பாதிப் பேருக்கு அந்தச் சண்டையால்தான் தெரியும். 2022-ல் பொன்னியின் செல்வன் டீசர் வந்தபோது ஆதித்த கரிகாலன் நெற்றியில் இருக்க வேண்டியது என்ன என்று ஊரே அடித்துக்கொண்டது. சோழர் காலத்துக்கு லாஜிக் கேட்கிற நாம், வருங்காலத்துக்கு மட்டும் ஏன் கேட்கக்கூடாது?

சுஜாதா இதை அப்போதே மதித்தார். எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' 2021-ல் நடக்கிற கதை. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, அந்த ரோபோ நாய் ஜீனோ. எண்ணிப் பாருங்கள், எல்லாப் பெயரும் இரண்டே எழுத்து. மனுஷன் பெயரில்கூட அரசாங்கம் சிக்கனம் பிடிக்கிற ஓர் உலகத்தை உண்டாக்கிவிட்டு, அதை நழுவ விடாமல் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அந்த 2021 வந்தும் போய்விட்டது. ஜீனோ வரவில்லை, ஆனால் கதை இன்னும் நிற்கிறது. கணிப்பு பலித்ததா என்பது மெட்டீரியல் இல்லை, கட்டின உலகம் உள்ளுக்குள் இடிக்கவில்லை என்பதுதான் மெட்டீரியல்.

அந்தக் கதை தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. நாவலைப் படித்தவர்களை என் வகுப்பிலேயே காட்ட முடியும். தொடரைப் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இந்தியில் 1989-ல் 'இந்திரதனுஷ்', 1998-ல் 'கேப்டன் வ்யோம்' என்று தூர்தர்ஷன் முயற்சி செய்திருக்கிறது. தமிழ் டிவியில் அறிவியல் புனைகதை எத்தனை என்று கேட்டால் ஒரு கை விரலே மிச்சம் இருக்கும். இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். லாஜிக் கேட்காத வாடிக்கையாளருக்காக லாஜிக்கில் பணம் போட எந்தத் தயாரிப்பாளருக்கும் பைத்தியம் இல்லை. "படத்தைப் படமா பாரு" என்று நாம் சொல்லச் சொல்ல, நமக்குக் கிடைப்பதும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிறது. விலை வைப்பதற்கு முன்னால் டீ டேஸ்டர்கள் வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, இதில் புகை வாடை, இது கருகியிருக்கிறது, இதில் உயிரே இல்லை என்று சொல்லிக்கொண்டே போவார்கள். "டீயை டீயா குடிங்க சார்" என்று அவர்களிடம் யாராவது சொல்ல முடியுமா? அவர்கள் நாக்கு சமாதானம் ஆகிவிட்டால் முதலில் அடிவாங்குவது நல்ல தேயிலை பறித்தவர்தான்.

குறை கண்டுபிடிக்கிறவனுக்கு அன்பு இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். பிபிசி தன் பழைய டேப்புகளை அழித்ததில் அறுபதுகளின் டாக்டர் ஹூ தொடரில் 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படம் போய்விட்டது. ஆனால் தொலைந்த அத்தனை எபிசோடின் ஒலியும் இன்று இருக்கிறது. எப்படி? வீட்டு டிவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ஒவ்வொரு வாரமும் பதிவு செய்துகொண்ட ரசிகர்களால். போன வாரம் டாக்டர் என்ன சொன்னார், இந்த வாரம் என்ன சொல்கிறார் என்று ஒப்பிட்டுச் சண்டை போடுகிற ரகம்தான் அப்படி உட்கார்ந்து பதிவு செய்யும். "லாஜிக் பாக்காத" கோஷ்டி அன்றைக்கே பார்த்து அன்றைக்கே மறந்திருக்கும்.

ஆகவே மக்களே, அடுத்த முறை ஏதாவது இடிக்கிற மாதிரி இருந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்.

1. கதை இந்த விஷயத்தின் மேல் நிற்கிறதா? இல்லையென்றால் விடுங்கள்.
2. இந்த விதியைப் போட்டது யார், பிசிக்ஸ் புத்தகமா, தொடரேவா? தொடரே போட்டதென்றால் விடாதீர்கள்.
3. விதியை மாற்றினார்கள் என்றால் காரணம் சொன்னார்களா, இல்லை நாம் கவனிக்க மாட்டோம் என்று நினைத்தார்களா?

பார்க்கிற முறையும் ஒன்று சொல்கிறேன். ஒரு எபிசோடைக் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேளுங்கள். அதே எபிசோடை மியூட் செய்துவிட்டு முழுக்கப் பாருங்கள். முதல் தடவை டப்பிங் மிக்சிங் எவ்வளவு அழகு என்று தெரியும், இரண்டாவது தடவை சட்டையும் காயமும் இடம் மாறுவது தெரியும். இரண்டிலும் தாக்குப்பிடிக்கிற தொடர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், செமஸ்டர் லீவுக்கு வேண்டும்.

பி.கு: பென் 10 கடிகாரத்துக்கு விளக்கம் வைத்திருக்கிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம். அனாமத்துக் கணக்கில் இன்னும் இடம் இருக்கிறது :-)